சர்க்கரை பார்க்கும் நாளில் எலும்பையும் பாருங்கள்

மதுரை மாவட்டப் பொது சுகாதார அதிகாரிகளுக்கு வணக்கம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து எலும்பு வேகமாகக் கரைவதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அக்காவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மல்லிகைச் சரம் கட்டி விற்றுக் குடும்பம் நடத்தியவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. பொங்கலுக்கு முந்தைய வாரம் வாசல் தெளிக்கையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட இடத்தில், இவ்வளவு சின்ன விழுகைக்கே எலும்பு ஏன் முறிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வாழைநாரைச் சுண்டி இறுக்கும் அளவுக்குச் சேர மறுக்கின்றன; முடிச்சு நெகிழ்ந்து பூ உதிர்கிறது. உதிரிச் சரத்தை யார் வாங்குவார்கள்?

எலும்பின் அடர்த்தியை அளக்க முந்தைய ஆண்டு எடுத்த டெக்ஸா ஸ்கேனில் அது ‘நார்மல்’ என்றே வந்திருந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் எல்லோரும் கைகழுவினார்கள். இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படாமல் டைப் 2 சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு, பெரும்பாலும் உடல் எடையும் கூடுதலாக இருப்பதால், அடர்த்தி எண் நன்றாகவே தெரியும். ஆனால் எலும்பின் புரத இழைகளில் சர்க்கரை ஒட்டி அவை விறைப்பதாலும், பழைய எலும்பு புதுப்பிக்கப்படும் வேகம் குறைவதாலும் அது எளிதில் முறியும். அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், என்று எண்ணை மட்டும் நம்பியிருந்தால், இத்தகைய பெண்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். எனவேதான் கேட்கிறேன்: சர்க்கரை பார்க்கும் நாளில் எலும்பையும் பாருங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. அதற்கு நன்றியுடையவள் நான். அதே வாசலில் நின்று, அண்மையில் விழுந்தீர்களா, கால் மரத்துப்போகிறதா, முன்பு எலும்பு முறிந்ததுண்டா என்று கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? மகளிர் தினத்துக்குப் பந்தல் போட்டு, சர்க்கரை நோயாளிகளின் கையில் லட்டைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் நேரமும் பணமும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மாதவிடாய் நின்ற, சர்க்கரை நோயுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் எலும்பு முறியும் அபாயத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மதிப்பிடவும், ஒருமுறை முறிந்தவர்களை மாவுக்கட்டோடு அனுப்பிவிடாமல் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கவும், பெண்களுக்கு முறிவு அபாயத்தைக் கூட்டும் பயோகிளிட்டசோன் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை தொடர வேண்டுமா என்று மருத்துவர் மறுபடி பார்க்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருமங்கலம் வட்டாரத்துப் பெண் ஒருத்தி