இரவு 11 மணிக்கும் பாடமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 2020 மார்ச்சில் கொரோனாவால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பல்கலைக்கழக வகுப்புகள் இணையத்துக்கு மாறின. சரி, வேறு வழியில்லை. வகுப்பறைக்குத் திரும்பிய பிறகும் விரிவுரையாளர்கள் தகவல் அனுப்பும் டெலிகிராம் குழு விட்டபாடில்லை. விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகளுக்கு இரவு 11 மணிக்குத் தகவல் வருகிறது: நாளைக் காலைக்குள் ஒப்படைப்பை ஏற்ற வேண்டுமாம். எங்கள் தோட்டத்தில் மழை பிடித்தால் கைப்பேசியில் ஒரு கோடுதான் தெரியும். வாசல் படிக்கட்டில் குடை பிடித்து நின்று அனுப்பினாள்.

பதிவு செய்த விரிவுரையைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அது வரம்தான். ஆனால் இரவு 9 மணிக்கு மேல் குழுவைப் பூட்டி வைத்தால் என்ன? விரிவுரையாளர்களும் தூங்க வேண்டாமா?

ஒரு தந்தை,
சுங்கை சிப்புட், பேராக்