சயனைடு மேட்டடியில் வாய்க்கால் வெட்டத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விட்டது. இந்த முறை எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில், ஒரு வீட்டு வாசலிலும் சாம்பல் நிறச் சேறு ஏறவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

கோலார் தங்கவயலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசல் விட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை ஊரைச் சுற்றிலும் மலை மலையாகக் கொட்டி வைத்தார்கள். மொத்தம் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது போன வேலையைப் பற்றித்தான் ஊரே பேசியது. மேட்டில் விழுகிற மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்க அன்றைக்கு யாருக்கு மனசு இருந்தது?

முதல் நன்றி, பம்ப் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தின் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர் அவர். மேட்டடியில் குழி வெட்டினால் போதும் என்றுதான் முதலில் பேச்சு. "அழுக்குத் தண்ணியை அப்புறம் பார்க்கலாம், முதல்ல நல்ல தண்ணியை மேட்டுப் பக்கம் போகவிடாதீங்கப்பா" என்றார். கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைப் பேரன் பிடிக்க, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, முளைக்கு முளை வாட்டம் பார்த்தார். அவர் சொன்ன கோட்டில் வெட்டிய வாய்க்கால், மேல்பக்கத்து மழைநீரை மேட்டைத் தொடவிடாமல் ஓடைக்குக் கொண்டுபோகிறது. மேட்டிலிருந்தே வழிவது மட்டும்தான் அடியிலுள்ள குழிகளுக்கு வருகிறது. அங்கே தேங்கி, மண் படிகிறது.

அடுத்து, வேதியியல் டீச்சருக்கு. பழைய சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் மண்ணில் மிஞ்சிய கந்தகக் கனிமங்கள் காற்றும் ஈரமும் பட்டால் அமிலமாகும், அது ஆர்சனிக் போன்றவற்றையும் கரைத்து இழுத்து வரலாம் என்று தெருவில் உட்கார்ந்து விளக்கினார். லிட்மஸ் தாள் அமிலத்தைத்தான் காட்டும், ஆர்சனிக்கைக் காட்டாது. தண்ணீர் தெளிந்திருக்கிறதே என்று ஆட்டை விடாதீர்கள் என்றும் சொன்னார். குழியைச் சுற்றி முள்வேலி போட்டுக் கொடுத்தது ஆடு வளர்க்கிற அண்ணன்தான்.

டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட ஜேசிபி தம்பிக்கும், களியும் கீரைக் குழம்பும் ஆக்கிப் போட்ட அக்காமார்களுக்கும், மூட்டை சுமந்த பையன்களுக்கும் நன்றி. மனு கொடுத்த இடத்தில் ரசீது கொடுத்தார்கள். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். குழியில் படிந்த வண்டலை வீட்டுக்குத் தளம் போட யாரும் அள்ளிப் போகாதீர்கள். அது மேட்டுக்கே திரும்பப் போகணும்.

2024 ஜூனில் இந்த 13 மேடுகளிலும் மறுபடி தங்கம் எடுக்க கர்நாடக மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நல்லதுதான், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். ஆனால் இறுகிப்போன மேட்டைக் கிளறினால் புது மண் மழைக்குத் திறக்கும். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று முதல் நாளே கேட்க வேண்டும். அப்போதும் நீங்கள் எல்லோரும் வர வேண்டும்.

சரி, அதற்கு முன்னால் சரிவில் நட வெட்டிவேர் நாற்று வந்து இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
லைன் குடியிருப்போர் சார்பில்