வண்டிப்பாதையில் நடப்போம்

கண்டி

அன்பின் புஷ்பம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு மருந்தோடு நடையும் வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருப்பதையும், கொட்டாஞ்சேனையில் நடப்பதற்கு இடமேது என்று நீ அலுத்துக்கொண்டதையும் வாசித்தேன். மாசியில் மருமகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை தங்க வருகிறாய் என்பதில் பெரிய சந்தோஷம். நல்ல காலத்தைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறாய். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வந்திருந்தால், பின்னேரமானால் இடிமழை பிடித்துக்கொள்ளும். பாதி நாள் வீட்டுக்குள்ளேயே போயிருக்கும்.

வழியைத் தெரிவு செய்யும்போது எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காதே. நம் வயதில் தூரத்தைவிட ஏற்றமும், ஏற்றத்தைவிட இறக்கமும், காலடியில் இருப்பது மண்ணா, பாசி பிடித்த கல்லா, உடைந்த படியா என்பதும்தான் முழங்காலுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தே சில இடங்களை யோசித்து வைத்திருக்கிறேன்.

கண்டி வாவியைச் சுற்றிவர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், முழுவதும் சமதரை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் வயல்வெளியை மறித்துக் கட்டுவித்த வாவி என்று அன்று நாம் மனப்பாடம் செய்தது உனக்கு மறந்திராது. ஆனால் இன்று அதைச் சுற்றிப் போகும் வாகனங்களின் புகையைத் தாங்க முடியாது. பாடசாலை வான்கள் ஓடத் தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் போகாமலிருப்பதே நல்லது.

முதல் நாளுக்குப் பேராதனைப் பூங்காதான் பொருத்தம். மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவே 147 ஏக்கர் நிலம்; 1821 இல் தொடங்கிய தோட்டம். அரசபனை வரிசைக்குக் கீழே எவ்வளவு நேரம் நடந்தாலும் கால் நோகாது, இருக்கைகளுக்கும் குறைவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் இங்கேதான் இருந்தது என்று மருமகளிடம் சொல், அவளுக்கு அப்படிப்பட்ட கதைகள் பிடிக்கும் என்று எழுதியிருந்தாயே. உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கும். அவற்றின் கீழே நின்று அண்ணாந்து பார்க்காமலிருப்பது உன் சேலைக்கு நல்லது. சனி, ஞாயிறுகளில் சுற்றுலா பஸ்கள் நிறைந்துவிடும் என்பதால் வார நாளில் போவோம். அவள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பதால் அவளுக்கு நுழைவுக் கட்டணம் வேறு, அதிகமும்கூட.

உடவத்தகலைக் காடு தலதா மாளிகைக்குப் பின்னாலேயே இருக்கிறது. நகரத்தின் இரைச்சல் கேட்கும் தூரத்தில், நூறு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு இன்னும் மிஞ்சியிருப்பது பெரிய காரியம். ஆளுநர் ஹோர்ட்டனின் மனைவி பெயரால் வழங்கும் பாதை அகலமானது, நிழலானது. ஆனாலும் வாசலுக்கு ஏறும் தெருவே செங்குத்து. அதுவரை ஓட்டோவில் போய்விடுவோம். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். கணுக்காலிலும் சப்பாத்தின் ஓரத்திலும் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. தனியாக மட்டும் அங்கே போகக் கூடாது. பெண்கள் நாம் கூட்டாகத்தான் போக வேண்டும்.

நான் உன்னைக் கூட்டிப் போக மிகவும் ஆசைப்படுவது ஹந்தானை மலைக்கு. அங்கே 1925 இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலைதான் 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைவழி தொடங்குவதும் அங்கிருந்துதான். முதற்கட்டம் கலஹா வரை போகிறது. அது முழுவதும் நமக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் போய், வந்த வழியே திரும்பினால் போதும்.

அந்த நடைவழியின் பெரும்பகுதி பழைய தோட்டத்து வண்டிப்பாதைகளே. கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் சுமை ஏற்றிய மாடுகள் இழுத்துப் போக வேண்டியிருந்ததால், மலையை வளைத்து வளைத்து, ஏற்றமே தெரியாதபடி பாதை வெட்டினார்கள். பாதையின் மலைப்பக்க ஓரத்தில் கல் பதித்த கான் இருக்கும்; மழைநீர் அதற்குள் இறங்கி, சிறு பாலத்தின் அடியால் மறுபக்கம் போய்விடும். அதனால்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் பல இடங்களில் தரை அரிக்கப்படாமல் இறுகிக் கிடக்கிறது. மாட்டுக்காகப் பார்த்துப் பார்த்து வெட்டிய சரிவு இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது! நம் அம்மாமார் அந்தச் சுகத்தைக் கண்டார்களா? நிறை போடும் கொட்டகையான மடுவத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று கொழுந்துக் கூடையோடு குறுக்கில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். ஆகவே வழியில் யாராவது, "குறுக்கால போனா கிட்டத்தான் அக்கா" என்று அன்போடு காட்டினாலும், தலையாட்டிவிட்டு வண்டிப்பாதையிலேயே போவோம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்ததும் மருமகள் கமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கட்டும். பீலித் தண்ணீரில் குளிப்பவர்களும் துணி துவைப்பவர்களும் இருப்பார்கள்.

இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்தாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தாலோ ஹந்தானையை விட்டுவிட்டுப் பேராதனைக்கே மீண்டும் போவோம்.

மருமகளுக்குப் பிடி உள்ள அடி கொண்ட சப்பாத்தும், உனக்கு உயரம் சரியான ஒரு கைத்தடியும் அங்கேயே வாங்கிக்கொள். குடை என்னிடம் இருக்கிறது. எந்த ரயில் என்று முடிவானதும் எழுது, ஸ்டேசனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
கமலா