மனாமாவில் நீ பார்த்தது

கும்பகோணம்
ஜனவரி 2025

அன்பு மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீ அனுப்பிய தேன்குழலும் மாவுருண்டையும் வந்த அன்றே தீர்ந்துவிட்டன. பெரியவளுக்கு அதிகம் போய்விட்டது என்று சின்னவள் இன்னும் சண்டை போடுகிறாள். அடுத்த முறை மருமகள்கள் பெயரை எழுதி இரண்டு டப்பாவாக அனுப்பு.

இத்தனை மாதம் கடிதம் போடாததற்கு நீ கோபப்பட்டால் நியாயம்தான். ஆனால் இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக. ராயர் வீட்டுக் கல்யாணத்தில், கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒன்று சொன்னாயே, அதற்காக. சிரியாவில் அதிபர் அசாத் நாட்டைவிட்டு ஓடிப்போன பேச்சு வந்தது. "இந்த அரபு நாட்டுப் போராட்டம் பூராவும் வெளிநாட்டுக்காரன் கிளப்பிவிட்டது, ஜனங்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது" என்றாய். சித்தப்பு தலையாட்டினான். அவன் சாம்பாருக்கும் ஆட்டுவான், மோருக்கும் ஆட்டுவான், அதை விடு. நீ சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. 2011-இல் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில், குதைபியா பகுதியில் குடியிருந்தவன் நீ. நம் கூட்டத்தில் அங்கே நடந்த போராட்டத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள். பாயசம் பரிமாறும் நேரத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

உன் வாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தப் பிப்ரவரியில் போனில் நீ என்னிடம் என்ன சொன்னாய்? முத்துச் சதுக்கத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள், அண்டாவில் சோறு ஆக்குகிறார்கள், அப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றாய். பிறகு ஒரு நாள், நிதித் துறைமுகக் கட்டடத்துக்கு முன்னால் ஆட்கள் ஒரு தினார் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் சொன்னாய். அந்தக் கட்டடம் நிற்கிற நிலத்தைப் பிரதமர் ஒரே ஒரு தினாருக்கு வாங்கிவிட்டார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அந்தப் பிரதமர் 1971-இலிருந்து அதே நாற்காலியில் இருந்தவர், மன்னருடைய சித்தப்பா. நாற்பது வருஷம் ஒரே பிரதமர், அவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. இதற்கு மேல் ஒரு ஊர்க்காரனுக்குக் கோபம் வர வெளிநாட்டுக்காரன் எதற்கு மாப்ளே?

ஈரான் தூண்டிவிட்டது என்று பஹ்ரைன் அரசு சொன்னது. சரி. பிறகு மன்னரே ஒரு விசாரணைக் குழு போட்டார். எகிப்தில் பிறந்த சட்ட அறிஞர் ஷெரீஃப் பஸ்ஸியூனி தலைமையில் வெளிநாட்டு நிபுணர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். 2011 நவம்பர் 23 அன்று அறிக்கையை மன்னர் முன்னாலேயே கொடுத்தார்கள், ஏறக்குறைய ஐந்நூறு பக்கம். அங்கே நடந்த சம்பவங்களுக்கும் ஈரான் அரசுக்கும் தொடர்பு இருந்ததாக, அரசு கொடுத்த ஆதாரங்களில் தெரியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. காவலில் இருந்தவர்கள் திட்டமிட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. மன்னர் நியமித்த குழு சொன்னதையே நீ நம்பமாட்டேன் என்றால் நான் யாரைக் கூட்டிக்கொண்டு வருவது?

வெளிநாட்டுக்காரன் வந்தான், இல்லை என்று சொல்லவில்லை. எப்போது வந்தான் என்பதைப் பார். மார்ச் 12 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் மனாமாவுக்கு வந்து, குழந்தை நடை போட்டால் போதாது, பெரிய சீர்திருத்தம் வேண்டும் என்று மன்னரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன இரண்டாம் நாள், மார்ச் 14, திங்கட்கிழமை, சவுதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் மன்னர் ஃபஹத் பாலத்தின் மேல் சவுதிப் படை வரிசையாக வந்தது. சுமார் ஆயிரம் சவுதிப் படையினர், கூடவே எமிரேட்ஸிலிருந்து ஐந்நூறு போலீசார். புதன்கிழமை காலை சதுக்கத்தைத் துடைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சதுக்கத்தின் நடுவில் நின்ற முத்துச் சின்னத்தையே இடித்தார்கள். இடிக்கும்போது அதன் ஒரு பகுதி கிரேன் மேல் விழுந்து, பிழைக்கப் போன ஓர் ஆசியத் தொழிலாளி செத்துப்போனார். அன்று நீ போனில் பேசிய குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இறந்தவர் எந்த நாட்டுக்காரர் என்று கூடத் தெரியாமல் நீ அழுதாய்.

அந்தச் சின்னம் உன் தயவில் என் வீட்டில் இருக்கிறது. 2009-இல் லீவுக்கு வந்தபோது சின்னவள் உண்டியலில் போட்டாயே, ஐந்நூறு ஃபில்ஸ் காசு, அதில் அச்சடித்திருக்கிறது. போன வாரம் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாய்மரம் போல வளைந்த ஆறு தூண்கள், மேலே ஒன்றாகச் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்குகின்றன. சவுதியும் பஹ்ரைனும் சேர்ந்த வளைகுடாக் கூட்டமைப்பின் ஆறு நாடுகளுக்கும் ஆறு பாய்கள் என்று கணக்கு. 1982-இல் அந்தக் கூட்டமைப்பின் மாநாடு மனாமாவில் நடந்ததை ஒட்டித்தான் அதைக் கட்டினார்கள். அதே கூட்டமைப்பின் பேரைச் சொல்லித்தான் சவுதிப் படை பாலம் ஏறி வந்தது. சின்னம் போன பிறகு இந்தக் காசையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் கையில் அந்தப் படம்கூட இருக்கக் கூடாது என்று ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது.

இப்போது அதே வாரத்தில் லிபியாவைப் பார். மார்ச் 17, வியாழக்கிழமை, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம். லிபியாவை ஆண்ட கடாபியின் படையிடமிருந்து மக்களைக் காப்பாற்ற எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்று அனுமதி. பத்து நாடுகள் ஆதரவு. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. சனிக்கிழமை குண்டு விழ ஆரம்பித்தது. திங்கட்கிழமை பஹ்ரைனுக்குப் போலீசை அனுப்பிய எமிரேட்ஸ், அந்த மாதம் முடிவதற்குள் லிபியா மக்களைக் காப்பாற்றப் போர் விமானங்களையும் அனுப்பியது. இதை நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. தேதிகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

கடாபிக்குக் கூட்டாளி யாரும் மிச்சமில்லை. பஹ்ரைனில் ஜுஃபைரில் அமெரிக்காவின் ஐந்தாவது கப்பற்படையின் தலைமையகம் இருக்கிறது, பக்கத்தில் சவுதி இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். மே மாதம் ஒபாமா அரபு நாடுகளைப் பற்றி ஒரு பெரிய உரை ஆற்றினார். பஹ்ரைனைப் பற்றி இரண்டு மூன்று நல்ல வாக்கியம் சொன்னார், எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை நடக்காது என்றார். சவுதியின் பெயரை எடுக்கவே இல்லை. 2014-இல் பிரிட்டன் தானும் அங்கே ஒரு கடற்படைத் தளம் அமைக்க ஒப்பந்தம் போட்டது. மினா சல்மான் துறைமுகத்தில் நான்கு வருஷத்தில் திறந்தும் விட்டார்கள்.

நம் நாட்டைப் பற்றி நீ கேட்பாய், தெரியும். லிபியாவில் இந்தியா ஒதுங்கி நின்றது சரி என்று பல வருஷம் வாதாடியவன் நான். கடாபி செத்த பிறகு அந்த நாடு இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பார்க்கும்போது இப்போதும் அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் கடாபியை எதிர்த்து எழுந்த பெங்காசி நகரை நோக்கி அவருடைய டாங்கிகள் வந்துகொண்டிருந்த அந்த இரவில், அந்த ஊரில் என் பிள்ளைகள் இருந்திருந்தால், யார் விமானம் என்று கேட்டிருக்கமாட்டேன். இரண்டையும் சேர்த்து மனசில் வைத்துக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது. பஹ்ரைன் விஷயத்தில் அந்தக் கஷ்டமும் இல்லை. அங்கே குண்டு போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சவுதிப் படையே, திரும்பிப் போ என்று ஒரு வார்த்தை. அதைக்கூட டெல்லி சொல்லவில்லை. மூன்றரை லட்சம் இந்தியர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பு கெடும் என்பது காரணம். நீயும் அதில் ஒருவன் என்பதால் எனக்கும் அது வெறும் கணக்கு இல்லை. ஆனாலும் கசக்கிறது.

எகிப்தில் நடந்தது இன்னும் மோசம். 2011 ஜனவரி 25 அன்று தஹ்ரீர் சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்தபோது, எகிப்து அரசு நிலையாக இருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் சொன்னார். எகிப்து அதிபர் முபாரக்கைச் சர்வாதிகாரி என்று சொல்லமாட்டேன் என்றார் அப்போது துணை அதிபராக இருந்த ஜோ பைடன். பதினெட்டே நாளில் முபாரக் போய்விட்டார். அப்புறம் எல்லோரும் ஜனங்களைப் பாராட்டினார்கள். தேர்தல் நடந்தது, மொர்சி அதிபராக வந்தார். அவர் ஆட்சி நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவரை எதிர்த்தும் பெருங்கூட்டம் தெருவுக்கு வந்தது உண்மை. 2013 ஜூலை 3 அன்று ராணுவம் அவரைத் தூக்கியது. தேர்ந்தெடுத்த அரசை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்தவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. எகிப்து ராணுவத்துக்கு வருஷத்துக்கு 130 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது. அதனால் நடந்ததை ஆட்சிக்கவிழ்ப்பு என்று அமெரிக்கா கடைசிவரை சொல்லவே இல்லை. சில நாளிலேயே சவுதி, எமிரேட்ஸ், குவைத் மூன்றும் சேர்ந்து 1,200 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் கூடியிருந்த மொர்சி ஆதரவாளர்களில் ஒரே நாளில் குறைந்தது 817 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், மனித உரிமை கண்காணிப்பு அமைப்பு ஒரு வருஷம் விசாரித்துச் சொன்ன கணக்கு. அக்டோபரில் உதவியில் ஒரு பகுதியை வாஷிங்டன் நிறுத்தி வைத்தது. 2015-இல் திரும்பக் கொடுத்துவிட்டது.

பணத்தைப் பின்தொடர்ந்து போ மாப்ளே, நீ கணக்குப்பிள்ளை, உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் சூடானில் ஜனங்கள் அதிபர் பஷீரை இறக்கினார்கள். பத்தே நாளில் சவுதியும் எமிரேட்ஸும் 300 கோடி டாலர் உதவி அறிவித்தன. அப்போது அதிகாரம் தளபதிகள் கையில் இருந்தது. ஜூன் 3 அன்று தலைநகர் கார்ட்டூமில் போராட உட்கார்ந்திருந்த கூட்டத்தை அந்தத் தளபதிகளின் ஆட்கள் சுட்டார்கள். இன்று அந்தத் தளபதிகளே ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு நாட்டையே எரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

துனிசியாவை எடுத்துக்கொள். சிடி பூசித்தில் தள்ளுவண்டியில் பழம் விற்ற புவாசிசியின் தராசைப் பிடுங்கிய அதிகாரியை எந்த வெளிநாடு அனுப்பியது? அவன் தீக்குளித்து, ஊர் பொங்கி, போலீஸ் சுட்டுக்கொண்டிருந்த ஜனவரியில், கலவரத்தை அடக்கும் வித்தையில் எங்கள் பிரெஞ்சுப் போலீஸ் கெட்டிக்காரர்கள், உதவத் தயார் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் அலியோ மாரி நாடாளுமன்றத்தில் பேசினார். இரண்டு மூன்று நாளில் துனிசிய அதிபர் பென் அலி சவுதிக்கு ஓடிவிட்டார். அந்த அம்மாவின் பதவியும் பிப்ரவரியில் போயிற்று. அங்கே எண்ணெயும் பெரிதாகக் கிடையாது, அமெரிக்கத் தளமும் கிடையாது. தொழிற்சங்கமும் வக்கீல்களும் உட்கார்ந்து பேசி அரசியல் சாசனம் எழுத வழி செய்தார்கள், நோபல் பரிசும் வாங்கினார்கள். 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தைப் பூட்டியபோது ஐரோப்பா கவலை தெரிவித்தது. 2023 ஜூலையில் அதே ஐரோப்பியத் தலைவர்கள் துனிஸ் போய் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படகில் வரும் அகதிகளைத் தடுக்க அவருக்குப் பத்தரைக் கோடி யூரோ.

சிரியா என்று சொல்வாய். அங்கேயும் ஆரம்பம் டெரா ஊரில் ஆட்சியை எதிர்த்துச் சுவரில் எழுதிய பள்ளிக்கூடப் பையன்கள்தான். அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்ததும் தாய் தகப்பன் தெருவுக்கு வந்தார்கள். வல்லரசுகள் பின்னால் வந்தன: ரஷ்யாவின் வீட்டோ, ஈரானின் ஆட்கள், வளைகுடாப் பணம், துருக்கி, அமெரிக்கா. பதிமூன்று வருஷம் இழுத்தது அவர்கள் வேலை. ஜனங்கள் எழுந்ததையும் இவர்கள் நுழைந்ததையும் ஒன்றாகக் குழப்பினால் அந்தப் பையன்களுக்குச் செய்கிற அநியாயம்.

உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த மார்ச்சில் மனாமாவில் தெற்காசியத் தொழிலாளிகளைக் கும்பல் அடித்தது, சிலர் உயிரே போனது, பஸ்ஸியூனி அறிக்கையிலும் அது இருக்கிறது. போலீஸில் பாகிஸ்தானிகளைச் சேர்த்ததற்கு, ஒரு பாவமும் அறியாத கூலிக்காரன் அடி வாங்கினான். நீ அறைக்குள் விளக்கை அணைத்துக்கொண்டு இருந்த இரவுகளை நான் மறக்கவில்லை. "அவர்கள் வீட்டுச் சண்டை, நாம் பிழைக்க வந்தவர்கள்" என்று அப்போது நீ சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை, இப்போதும் மறுக்கமாட்டேன். பயம் வேறு. ஆனால் அந்த ஜனங்களுக்குச் சொந்தப் புத்தியே கிடையாது, யாரோ ஆட்டுவித்தார்கள் என்பதை மட்டும் உன் வாயிலிருந்து கேட்க முடியவில்லை.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். உன் அலுவலகத்தில் ஒரு பஹ்ரைனிக் கணக்கர் இருந்தாரே, சித்ரா தீவுக்காரர், ரமலானில் உனக்குத் தனியாக ஹரீஸ் எடுத்துவந்து கொடுப்பவர். போராட்டத்துக்குப் போனதற்காக அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள் என்று சொன்னாய். அப்படி அரசிலும் தனியாரிலுமாக நாலாயிரம் பேருக்கு மேல் வேலை போயிருக்கிறது. பிறகு நிறையப் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தேன். அவரை எடுத்துக்கொண்டார்களா? நீ 2014 வரை அங்கே இருந்தாயே, விசாரித்தாயா? நம்பர் இருந்தால் ஒரு போன் போடு. யார் தூண்டி அவர் சதுக்கத்துக்குப் போனார் என்று அவரிடமே கேள், என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

மாசி மகத்துக்கு இங்கே வந்துவிடு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. ராயரும் வருகிறான். சித்தப்புக்கு இப்போதே சொல்லாதே, சொன்னால் நான்கு நாள் முன்னாலேயே வந்து நிற்பான்.

அன்புடன்,
உன் மாப்ளே