வெள்ளை பிவிசியில் ஆசிட் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யுபிவிசி என்கிற கெட்டி பிவிசி பிளாஸ்டிக்கில் செய்த ஜன்னல், போர்டிகோ சீலிங், சன்ஷேடு ஓரத்து வெள்ளை பிவிசி பட்டை இதெல்லாம் பொருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு. கார்த்திகை மழை ஓய்ந்து போகிக்கு வீடு கழுவ ஆரம்பித்தால் போதும், "பட்டையெல்லாம் பச்சையா பாசி புடிச்சிருக்குதுங்க, ஆசிட் ஊத்தலாமுங்களா?" என்று போன் வர ஆரம்பித்துவிடும். ஊற்ற வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட உங்கள் பத்திரிகையில் வந்தால் நிறையப் பேருக்குப் போய்ச் சேரும் என்றுதான் இந்தக் கடிதம்.

கக்கூஸ் கழுவும் ஆசிட் பிவிசியைக் கரைத்துவிடாது, உண்மைதான். ஆனால் பாசியையும் ஒழுங்காக எடுக்காது. வழிந்து இறங்கும் இடத்தில் ஸ்க்ரூவும் கீலும் துருப்பிடிக்கும், சிமெண்ட் பூச்சு அரிக்கும். இதைவிடப் பெரிய கவலை, ஆசிட்டில் போகவில்லை என்று அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் கரைத்து ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் கீழே இறங்கித் தங்கும். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும்தான் அதைச் சுவாசிப்பார்கள். பிளீச்சோடு வினிகரைக் கலந்தாலும் இதே கதிதான்.

பாசி பிவிசியைத் தின்று வளர்வதில்லை. மேலே படிந்த தூசியில் ஈரம் தங்குகிறது, அதில் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் சூரியன் தெற்கே போய்விடுவதால் வடக்குப் பக்கத்தில் வெயில் விழாது. அங்கேதான் முதலில் பச்சை தெரியும். அதற்குச் சோப்புத் தண்ணீரே போதும். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் கலந்து, கார் கழுவும் மெத்தென்ற பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்துப் போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வழிந்து கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழே. வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், சோப்பு அப்படியே காய்ந்துவிடக் கூடாது. கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் மூன்று பங்கு வெள்ளை வினிகருக்கு ஏழு பங்கு தண்ணீர். அதற்கும் அசையாவிட்டால்தான் பிளீச் லிக்விட். அதையும் வேறொரு நாள், வினிகரை நன்றாக அலசிக் கழுவிய பிறகு, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு. கீழே துளசி, செம்பருத்தி இருந்தால் முன்னும் பின்னும் தண்ணீர் விடுங்கள்.

ஸ்டீல் நார், உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம். பளபளப்பு போய்க் கீறல் விழுந்தால் அடுத்த மழையில் தூசியும் பாசியும் முதலில் அங்கேதான் உட்காரும். தின்னர் பிவிசியையே இளக்கிவிடும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மாமரத்தடி வீடுகளில் பட்டை கறுத்துப் போவதை எல்லாரும் பாசி என்றே நினைக்கிறார்கள். தை, மாசியில் பூ விடும்போது தத்துப்பூச்சி ஒரு இனிப்புக் கசிவை விடும். இலையிலிருந்து அது சொட்டிப் பட்டையில் விழுந்தால், தொட்டுப் பார்க்கும்போது விரல் பிசுபிசுக்கும். அந்தச் சர்க்கரையின் மேல் வளர்வதுதான் கரும்பூசணம். பிசுக்காக இருக்கும்போதே சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சுலபமாகப் போய்விடும். ரோட்டுத் தூசியும் செம்மண்ணும் ஏறிக் காய்ந்துவிட்டால்தான் பாடு. மரத்தை வெட்டச் சொல்லவில்லை, கூரைமேல் சாய்ந்த கிளையைக் கழித்தால் வெயிலும் காற்றும் வரும்.

அப்புறம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பச்சை பிடித்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். பெரும்பாலும் டேங்க் நிரம்பி வழிந்திருக்கும், அல்லது மழைத்தண்ணீர்க் குழாய் சுவரை ஒட்டியே கொட்டும். அந்தக் குழாயை ஒரு முழம் வெளியே நீட்டினால் பாதி வேலை முடிந்தது. யுபிவிசி ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். செம்மண் அடைத்தால் உள்ளேயே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். ஈர்க்குச்சியால் குத்திவிட்டாலே சரியாகிவிடும்.

போர் தண்ணீரில் அலசினால் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உப்புப் பூத்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். ஓகேனக்கல் தண்ணீர் வருகிறதே என்று குடிக்கிற தண்ணீரை இதற்குச் செலவழிக்கவும் மனசு வரக் கூடாது. ஓட்டிலிருந்து வழியும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்கு அதுவே போதும்.

என்னைப் போல இந்த வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குள் போடும் சீலிங் பேனலை வெளியில் போட்டால் வெயிலில் மஞ்சளாகிவிடும். எந்தச் சோப்பிலும் அது போகாது. பாவம், வீட்டுக்காரர்கள் அதையும் அழுக்கு என்று நினைத்துத்தான் ஆசிட்டைத் தேடுகிறார்கள். எது வெளியில் தாங்கும் சரக்கு, எது தாங்காது என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். கடைக்காரர்களும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் ஒன்றாகக் கேட்பவரிடம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
யுபிவிசி ஜன்னல் பொருத்துபவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.