இரண்டு நாளில் ஆசிரியர் ஆக்காதீர்கள்

தாய் சி பயிற்றுநர் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய் சியைக் கற்பிக்க விரும்புகிறவர்கள் சனி, ஞாயிறு உங்கள் வகுப்புக்கு வருகிறார்கள். ஞாயிறு மாலை 'ஆசிரியர்' என்று அச்சிட்ட சான்றிதழோடு வீடு திரும்புகிறார்கள். இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தாய் சியை எளிமையாக்கக் கூடாது என்பது என் கட்சி அல்ல. 1956-ல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தாய் சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணியிலிருந்து 24 அசைவுகளைத் தொகுத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடியும் அந்த வரிசையால்தான் பூங்காக்களில் இத்தனை பேர் தாய் சி செய்கிறார்கள். தாய் சி ஆசிரியர் ஜெங் மன்சிங்கும் தன் ஆசான் யாங் செங்ஃபூவின் நீண்ட வரிசையை 37 அசைவுகளாகக் குறைத்தார். நீளமானதை முழுதாகக் கற்ற பிறகுதான் குறைத்தார். பாடத்தைச் சுருக்கலாம், தப்பில்லை. பாடம் நடத்துகிறவரின் பயிற்சியையும் சேர்த்துச் சுருக்கினால்தான் சிக்கல்.

என் வகுப்பில் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். வேறொரு இடத்தில் சில மாதம் கற்றுவிட்டு முழங்கால் வலியோடு வந்த அம்மா ஒருவர் முன்னங்காலில் எடையை ஏற்றும்போதெல்லாம் அவருடைய முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. பாதம் ஒரு பக்கம், முட்டி இன்னொரு பக்கம். இதை யாருமே சொல்லவில்லையா என்று கேட்டேன். "எங்க டீச்சர் முன்னாடி நின்னு செய்வாங்க, நாங்க பார்த்துச் செய்வோம்" என்றார். அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். வரிசையை நினைவில் வைத்துக்கொள்வதற்கே இரண்டு நாள் போதாது. அப்புறம் எதிரே நிற்பவரின் இடுப்பு எங்கே இறுகுகிறது, எடை எந்தக் காலில் தங்கிவிட்டது என்று பார்க்கும் கண் எங்கிருந்து வரும்?

அந்தக் கண்ணைத் தருவது துய் ஷோ என்கிற இருவர் பயிற்சி. எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி, ஒருவர் மெல்லத் தள்ள மற்றவர் விட்டுக்கொடுத்துத் திருப்புவார். தோளில் கொஞ்சம் விறைப்பு இருந்தாலும் எதிராளியின் கைக்கு அது உடனே தெரிந்துவிடும். தனியாகச் செய்யும்போது நாமெல்லாம் தளர்வாக இருப்பதாகவே நினைத்துக்கொள்வோம். தொட்டால்தான் உண்மை தெரியும். உங்கள் பாடத்திட்டங்கள் சிலவற்றைப் பார்த்தேன். பலவற்றில் துய் ஷோ பெயருக்குக்கூட இல்லை. முதியவர்களுக்குச் சண்டை எதற்கு என்று ஒரு பொறுப்பாளர் என்னிடம் கேட்டார். மாணவருக்கு அது வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடலாம். ஆசிரியருக்குக் கட்டாயம் வேண்டும்.

ஆசிரியர்கள் நிறையத் தேவை, அத்தனை பேருக்கும் பல ஆண்டு எப்படிக் காத்திருப்பது என்பீர்கள். உங்கள் விளம்பரங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடந்து 2012-ல் வெளியானது அது. தாய் சி செய்தவர்களுக்கு உடல் சமநிலை மேம்பட்டது. அவர்கள் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரம் பயின்றார்கள். மொத்தம் 48 மணி நேரம். நோயாளியே அவ்வளவு நேரம் பயின்றிருக்க, அவருக்குச் சொல்லித்தரப் போகிறவர் அதில் பாதிகூடப் பயிலாமல் வந்து நிற்கலாமா?

சென் ஜாவ்பியை நினைத்துப் பாருங்கள். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் தாய் சி பிறந்த சென்ஜியாகோ கிராமத்துக்காரர். ஊரை விட்டுப் போய் பெய்ஜிங்கிலும் நான்ஜிங்கிலும் கற்பித்தார். 1958-ல் ஊருக்கு வந்து பார்த்தால், அந்தக் கலையை அடுத்த தலைமுறைக்குத் தர ஆள் இல்லை. அறுபத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து தங்கி, இளைஞர்களுக்குத் தன் வீட்டிலேயே சொல்லித்தர ஆரம்பித்தார். பழைய கலைகளை ஒடுக்கிய சீனப் பண்பாட்டுப் புரட்சியின் நெருக்கடியையும் தாண்டி, 1972-ல் இறக்கும்வரை அதுதான் அவர் வேலை. சென் சியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் ஷியான், ஜு தியான்சாய் எல்லாரும் அவரிடம் கற்றவர்கள். பின்னாளில் பல நாடுகளுக்கும் சென் பாணியைக் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். ஒரு கலையே அழிந்துபோகும் அவசரத்தில் இருந்த மனிதர், சிலரை ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் வைத்துத்தான் வளர்த்தார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாள் வகுப்பை நடத்துங்கள், ஆனால் அதில் தேறியவரை 'பயிற்சித் துணைவர்' என்று அழையுங்கள். ஆசிரியர் சான்றிதழ் வேண்டுபவர் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் குறைந்தது இரண்டு ஆண்டு உதவியாளராக இருக்கட்டும். தேர்வில் துய் ஷோவும் இருக்கட்டும். யாரிடம் கற்றார் என்பதைச் சான்றிதழிலேயே எழுதுங்கள். கட்டணம் கட்டினால் புதுப்பித்துத் தருவதற்குப் பதிலாக, தன் ஆசிரியரிடம் தொடர்ந்து பயில்கிறாரா என்று பார்த்துப் புதுப்பியுங்கள்.

உதவியாளர்களுக்கு இடம் எங்கே என்று நீங்கள் கேட்டால், என் வகுப்பில் இருக்கிறது. ஒரு காசு வாங்காமல் சேர்த்துக்கொள்கிறேன். இதற்குத் தயாராக இருக்கும் வேறு மூத்த ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டுக்கான பயிற்சி அட்டவணையை முடிவு செய்யும் முன் எங்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மூத்தோருக்குத் தாய் சி கற்பிக்கும் ஓர் ஆசிரியர்