சத்துமாவு மட்டும் போதாது, மதியச் சோறும் வேண்டும்: சமூக நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சர், செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு மதியம் சமைக்கிற அதே அடுப்பில், அந்த ஊர்க் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சேர்த்துச் சமைத்து, முட்டையோடு பரிமாற வழி செய்யுங்கள்.

நம் மாநிலம் தாய்மாருக்கு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக வருகிறது, மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருகிறார்கள். பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் இருக்கும். அங்கன்வாடியில் நாளுக்கு 165 கிராம் கணக்கில் சத்துமாவு கொடுக்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இந்தப் பெருமையில் என் போன்ற செவிலியர்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 44.4 ஆக இருந்தது. இத்தனை திட்டங்கள் இருந்தும் எண் ஏறியிருக்கிறது. ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் சாதாரண உதிரப்போக்கே உயிருக்கு உலையாகலாம் என்பது உங்கள் அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஏன் இப்படி? ரேஷனில் இலவச அரிசி வந்த பிறகு சோற்றுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. பஞ்சமெல்லாம் சோற்றோடு சேரும் பருப்புக்கும் காய்க்கும் முட்டைக்கும்தான். கூலி வேலை செய்கிற வீட்டில் மாதக் கடைசியில் போய்ப் பார்த்தால் தட்டில் சோறும் புளிரசமும் ஊறுகாயும் இருக்கும். வயிறு நிரம்பிவிடும், உடம்பில் சத்து சேராது. ‘சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டேன்க்கா’ என்றுதான் பதில் வரும். என்ன சாப்பிட்டாய் என்று தோண்டிக் கேட்டால்தான் விஷயம் தெரியும். கேட்டதும் தலையைக் குனிந்துகொள்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டுக்குச் சத்துமாவு போனால் என்ன ஆகும்? மூத்த பிள்ளை கேட்கும், மாமனாருக்கு ஒரு கஞ்சி ஆகும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு உருண்டை போகும். ஒரு கர்ப்பிணிக்கென்று கொடுத்தது நாலைந்து பேருக்குப் பங்காகிவிடும். இதற்காக அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இருப்பதைப் பகிர்ந்துதான் அவர்கள் பிழைக்கிறார்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது வீட்டு மருமகள் என்பதும், அவள் வாயும் வயிறுமாக இருக்கும்போதும் அந்த வழக்கம் மாறாது என்பதும் நமக்குத் தெரிந்ததுதானே. ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று வாயால் சொல்வார்கள். அப்புறம் ‘பிள்ளை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்’ என்று அவள் தட்டில் குறைத்தும் வைப்பார்கள்.

அங்கன்வாடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற சோற்றில் யாரும் பங்கு கேட்க முடியாது. என் வாதத்தின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது.

சத்து மாத்திரைக்கும் இதில் தொடர்பு உண்டு. வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டும். மசக்கையில் இருப்பவளுக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் பார்ப்பாள், அப்புறம் அட்டை அப்படியே அலமாரிக்குப் போய்விடும். போட்டேன் என்று நம்மிடம் சொல்லிவிடுவாள். ஒரு வேளை நல்ல சாப்பாடு உள்ளே போனால் மாத்திரையும் தங்கும்.

இது நடக்காத கனவு இல்லை. தெலங்கானாவில் ஆரோக்கிய லட்சுமி என்ற பெயரில் 2015 முதல் இதைச் செய்திருக்கிறார்கள். சோறு, பருப்பு, காய்கறி, ஒரு முட்டை, 200 மில்லி பால். கர்நாடகம் 2017இல் மாத்ருபூர்ணா தொடங்கியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 4ஆவது பிரிவில், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரையிலும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு பெறுவது ஒவ்வொரு பெண்ணின் உரிமை என்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் காலை உணவும் போட்டு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. இந்த ஒன்றில் மட்டும் பக்கத்து மாநிலங்களுக்குப் பின்னால் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் துறையே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஐந்து வகை சாதம் பரிமாறுகிறீர்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷம் உண்மையானது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐந்து வகை வேண்டாம், ஒரு வகை போதும். தினமும் கிடைக்கட்டும்.

நிதியுதவிக்குப் பதிவு எண், ஆதார், வங்கிக் கணக்கு என்று எல்லாம் வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் அது கிடைக்கும். மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவள் பெரும்பாலும் இருப்பதிலேயே ஏழையாக இருக்கிறாள், அவளுக்கு அது இல்லை. சூளையில் செங்கல் அறுக்கிற இருளர் பெண்ணும், ஒடிசாவிலிருந்து வந்து அதே சூளையில் குடியிருக்கிற பெண்ணும் கேட்கிற காகிதத்தையெல்லாம் எங்கே தேடுவார்கள்? இப்போது சத்துமாவு வாங்கவும் கைப்பேசிச் செயலியில் முகம் காட்ட வேண்டியிருக்கிறது. தயவுசெய்து சோற்றுக்கு இதெல்லாம் வைக்காதீர்கள். வயிறு தெரிகிறது, பசி இருக்கிறது, அது போதும்.

சிக்கல்களும் உண்டு. களையெடுக்கப் போனவள் மதியம் எப்படி வருவாள்? மலைக் கிராமத்தில் மையம் எவ்வளவோ தூரத்தில் இருக்கும். எட்டு மாத வயிற்றோடு வெயிலில் நடக்கச் சொல்வது தப்பு. அவர்களுக்கு டிபன் கேரியரில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சில வீடுகளில் சாதி பார்த்து விட மாட்டார்கள். பள்ளிச் சாப்பாட்டிலும் இது வந்தது, அரசு பின்வாங்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும்தான். காலியிடங்களை நிரப்பாமல், மதிப்பூதியத்தை உயர்த்தாமல் இந்த வேலையையும் அவர்கள் தலையில் கட்டினால் அது அநியாயம். அப்படியானால் இந்தத் திட்டமே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகள், இங்கே முதலில் ஓராண்டு நடத்துங்கள். பதிவின்போதும் எட்டாம் மாதத்திலும் ஹீமோகுளோபின், மாதாமாதம் எடை, பிறந்த குழந்தை இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கிறதா என்பது, எல்லாவற்றையும் எங்கள் செவிலியர்கள் ஏற்கெனவே எழுதித்தான் வருகிறார்கள். புதிதாக ஒரு பதிவேடும் வேண்டாம். சத்துமாவையும் நிறுத்த வேண்டாம், சோறு அதற்கு மேல் வரட்டும். வருகிற நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்